எழுபது வளைவுகள், ஒரு முடிச்சு

போன் ஒலித்தது.

சின்னராசு பாய்ந்து எடுத்தான்.

"ஆம்புலன்ஸ் கிளம்பிருச்சுங்களா?"

மறுமுனையில் ஒரு பெண் குரல்.

"சார், உங்க ஏரியா வண்டி காலையிலயே ஒரு வெட்டுக் கேஸை ஏத்திட்டு நாமக்கல் போயிருக்கு. திரும்பி மலை ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள வேற வண்டி கிடைச்சா..."

உள்ளே பூங்குழலி அலறினாள்.

போன் அவன் கையிலிருந்து நழுவிக் கட்டிலில் விழுந்தது.

வெட்டுக் கேஸ் என்ற வார்த்தை அவன் காதில் விழத்தான் செய்தது. மண்டைக்குள் போகவில்லை. பெண்டாட்டி வலியில் துடிக்கும்போது யாரை யார் வெட்டினால் என்ன?

மணி எட்டேகால். கொல்லிமலை, வாழவந்தி நாட்டில் ஒரு மேட்டு ஊர். வாசலில் நிற்கும் பலா மரமே தெரியாத அளவுக்குப் பனி.

பிரசவத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. திங்கட்கிழமை கீழே இறங்கி, நாமக்கல் பெரியாஸ்பத்திரியில் சேர்ந்துவிடுவதாக ஏற்பாடு. குழந்தை திரும்பவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தது. மலை மேல் இருக்கும் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

'வலி எடுத்தா இங்க வந்து நேரத்தை வீணாக்காதீங்க. நேரா கீழே போங்க. இது ஆபரேஷன் கேஸ்.'

திங்கட்கிழமை வரை காத்திருக்க வயிற்றில் இருப்பதற்குப் பொறுமை இல்லை.

சின்னராசு பயந்துபோயிருந்தான். காரணம் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் இதே போல ஒரு வலி. இதே மலைப்பாதை. நாற்பத்து நாலாவது வளைவில் பூங்குழலி, "ஏனுங்க, குழந்தை அசையலைங்க" என்றாள். கீழே போய்ச் சேர்ந்தபோது டாக்டர் தலையை ஆட்டிவிட்டார்.

இன்னொரு முறை அதைத் தாங்க அவனுக்குத் தெம்பு இல்லை.

"அம்மா, கிளம்பு. ரோட்டுக்குப் போயிரலாம். எதாச்சும் வண்டி வரும்."

அம்மா மாதம்மாள் வேறு வேலையாக இருந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்தாள். அடுக்குப் பானைகளின் மூடியை எடுத்தாள். பூங்குழலியின் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். கொடிக் கயிற்றை அவிழ்த்தாள், துணியெல்லாம் தரையில் விழுந்தது. வெளியே ஓடி மாட்டின் கயிற்றையும் அவிழ்த்தாள். மாடு நிதானமாக மரவள்ளிக் காட்டுக்குள் நுழைந்தது.

"அம்மா, மாடு போகுது."

"போகட்டும். வலி வந்த ஊட்டுல பூட்டும் இருக்கக்கூடாது, முடிச்சும் இருக்கக்கூடாது. போன வாட்டி ராகிப் பொட்டியைத் திறக்க மறந்துட்டேன். வந்து பார்க்கறேன், பூட்டு தொங்குது." குரல் உடைந்தது. "இந்த வாட்டி ஒண்ணையும் விட மாட்டேன் சாமி."

ரோட்டுக்கு வந்து நின்றார்கள்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

பனிக்குள் இரண்டு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. சின்னராசு நடு ரோட்டில் போய்க் கையை விரித்து நின்றான்.

வெள்ளை நிற பிக்கப் கிறீச்சிட்டு நின்றது.

ஓட்டி வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். கட்டம் போட்ட சட்டை. ஒட்ட வெட்டிய முடி. கண்ணாடியை இறக்காமலே கையால் 'விலகு' என்று காட்டினான்.

"ஏனுங்க, கொஞ்சம் ஏத்திக்கோங்க. வலி வந்திருச்சுங்க. கீழே ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

ஓட்டி வந்தவன் பூங்குழலியைப் பார்த்தான். அவள் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் தலையைத் திருப்பி வண்டியின் பின்புறத்தைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

ஏதோ ஒரு கணக்குப் போட்டவன் போல உதட்டைக் கடித்தான்.

"ஏறுங்க. சீக்கிரம்."

முன்னால் மூன்று பேர்தான் உட்கார முடியும். ஜன்னல் ஓரம் பூங்குழலி, நடுவில் சின்னராசு. மாதம்மாள் பின்னால் ஏறினாள். அங்கே ஆறு மூட்டை. அவற்றுக்கு நடுவில், தார்ப்பாய் போட்டு நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிய நீளமான ஏதோ ஒன்று.

ஓட்டி வந்தவன் இறங்கிப் போய் அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அம்மா, தார்ப்பாயைத் தொடக்கூடாது. கண்ணாடி சாமான் இருக்கு. தொட்டா உடைஞ்சிரும்."

"நான் எதுக்குங்க தொடறேன்" என்றாள் மாதம்மாள்.

அவள் கண் அப்போதே கயிற்றின் முடிச்சில் இருந்தது.

சோளக்காடு ஊரைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. வண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது.

"ஒண்ணாவது வளைவு முடிஞ்சுது. இன்னும் அறுபத்தொன்பது" என்றான் ஓட்டியவன்.

சின்னராசு திரும்பிப் பார்த்தான்.

"இது எழுபதாவதுங்க. கீழே இருந்துதானுங்க எண்ணுவோம். காரவள்ளியில இருக்கறதுதான் ஒண்ணு."

"ஆ... ஆமா. அதைத்தான் சொன்னேன்."

அதைச் சொல்லவில்லை. மலையில் வண்டி ஓட்டுகிற எவனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். இரண்டாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுபது மேலே, ஒன்று கீழே என்று சொல்லும்.

"நீங்க எந்த ஊருங்க?"

"செம்மேடு."

"செம்மேட்டுல யாரு ஊடுங்க?"

கியர் மாறியது.

அறுபத்தெட்டாவது வளைவில் பூங்குழலிக்கு வலி வந்தது. சின்னராசுவின் தோளைப் பிடித்து நகம் பதிய இறுக்கினாள். அறுபத்தொன்றில் அடுத்த வலி.

ஏழு வளைவுக்கு ஒரு வலி. சின்னராசு மனசுக்குள் எண்ணிக்கொண்டான்.

அப்போதுதான் அதைக் கவனித்தான். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, ஓட்டுகிறவனின் சட்டைக் கையில், முழங்கைக்குக் கீழே... ஒரு கறை. காய்ந்து பழுப்பாகிப் போன ரத்தக் கறை.

"கையில அடிங்களா?"

"இல்லை. கோழி அடிச்சேன்."

காலை எட்டு மணிக்குக் கோழி!

ஐம்பத்தேழாவது வளைவில் சின்னராசுவின் போன் ஒலித்தது. பக்கத்து ஊட்டு முரளி.

"சின்னா, எங்கடா இருக்கற? விசயம் தெரியுமா? மிளகு வியாபாரி தனபால் மாமனை விடியக்காலம் களத்துல வச்சு வெட்டிட்டாங்கடா. காயப் போட்ட மிளகைத் திருட வந்தவன் வெட்டியிருக்கான். ஆம்புலன்சுல போறப்பவே உயிர் போயிருச்சு."

சின்னராசுக்கு இப்போதுதான் உறைத்தது. காலையிலேயே போன வெட்டுக் கேஸ்...

"வெட்டினவன் மாமனோட புது பிக்கப்பையே எடுத்துட்டு ஓடிட்டான். மிளகு மூட்டையோட. ஊரே அருவாளை எடுத்துட்டுத் தேடுது. வெள்ளை வண்டி. கண்ணாடியில அறப்பளீஸ்வரர் படம் ஒட்டியிருக்கும். ஒரு மூலை கிழிஞ்சிருக்கும். பார்த்தேன்னா உடனே..."

சிக்னல் போய்விட்டது.

சின்னராசு மெல்லத் தலையை உயர்த்தினான்.

எதிரே கண்ணாடியில் அறப்பளீஸ்வரர்.

இடது மூலை கிழிந்திருந்தது.

அவன் பூங்குழலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"யாரு போன்ல?" ஓட்டுகிறவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"பங்... பங்காளிங்க. குழந்தை பொறந்திருச்சான்னு கேட்கறான்."

"எந்த வண்டியில போறோம்னு சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"சொல்லக்கூடாது. யார் கேட்டாலும். புரியுதா?"

"சரிங்க."

"போனை ஆஃப் பண்ணி இப்படி முன்னால வைங்க."

சின்னராசு வைத்தான்.

பக்கத்தில் ஒரு கொலைகாரன். முழங்கால் முழங்காலோடு உரசுகிற தூரத்தில்!

ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கலாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆயிரம் அடி பள்ளம். கழுத்தைப் பிடிக்கலாம். பிடித்தால் வண்டியை யார் ஓட்டுவது? சின்னராசுக்குத் தெரிந்தது பைக் மட்டும். ரோட்டில் இறக்கிவிடச் சொல்லலாம். இந்தப் பனியில் அடுத்த வண்டி எப்போது வரும்?

நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை வந்தது. இந்தக் கொலைகாரனை விட்டால் பூங்குழலியையும் வயிற்றில் இருப்பதையும் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை. அவன் நல்லபடியாக ஓட்ட வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டான். கிழிந்த மூலையோடு எதிரே இருந்த சாமியைத்தான்.

ஐம்பத்தாறில் ஒரு வலி. ஐம்பத்தொன்றில் அடுத்தது.

ஐந்து வளைவுக்கு ஒன்று.

"ஏனுங்க." பூங்குழலியின் உதடு வெளுத்திருந்தது. "நாப்பத்து நாலு தாண்டிருச்சுங்களா?"

"தாண்டிட்டோம் கண்ணு."

பொய். அடுத்ததுதான் நாற்பத்து நாலு.

அவள் அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"நீங்களே பாருங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. அசையற மாதிரியே இல்லை."

வண்டி திரும்பியது. சின்னராசு மூச்சைப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கையின் கீழ் எதுவும் இல்லை. கல் மாதிரி இறுகிய வயிறு. வளைவு பாதி முடிந்தது. முழுவதும் முடிந்தது.

அப்போது ஓர் உதை!

சின்னதுதான். ஆனால் நல்ல கோபமான உதை.

அவன் கண்ணில் நீர் வழிந்தது. "உதைக்குது புள்ளே. உங்க அத்தை மாதிரியே உதைக்குது."

ஓட்டுகிறவன் ஒரு கணம் அவர்களைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ இளகியது. உடனே பின்னால் பார்க்கும் கண்ணாடிக்குக் கண் போயிற்று. முகம் இறுகியது.

"பின்னால உங்கம்மா என்ன பண்றாங்க?"

சின்னராசு முதுகுப் பக்கம் இருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தான். மாதம்மாள் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். தோள் அசைந்துகொண்டிருந்தது.

அம்மா, அதைத் தொடாதே... அவன் மனசு கத்தியது.

"கால் மரத்திருக்குமுங்க. தேய்ச்சு விடறாங்க."

"சும்மா உட்காரச் சொல்லுங்க."

கண்ணாடியைத் தட்டினான். மாதம்மாள் திரும்பவில்லை.

அவளுக்கு எங்கே நேரம்!

அறுபத்தைந்தாவது வளைவிலேயே அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். வலி வந்தவள் போகிற வண்டியும் வலி வந்த வீடும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி. முதலில் மூட்டைகளின் வாய்க்கட்டு. ஆறையும் அவிழ்த்தாள். உள்ளே மிளகு. ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தி, தரையெல்லாம் கருப்பு மணியாக உருண்டது. அடுத்து, தவழ்ந்து போய்ப் பின்கதவின் இரண்டு கொண்டியையும் தள்ளிவிட்டாள். புது வண்டி. இறக்கத்தில் கதவு முன்பக்கமாகச் சாய்ந்து, திறந்தது தெரியாமல் அப்படியே நின்றது.

மிச்சம் இருந்தது தார்ப்பாய்.

'கண்ணாடி சாமானா இருந்தா என்ன, நான் கயித்தைத்தானே அவுக்கறேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முடிச்சில் பல்லை வைத்தாள்.

முப்பத்தேழாவது வளைவில் கயிறு விட்டுக்கொடுத்தது. தார்ப்பாய் விலகியது.

உள்ளே கண்ணாடி இல்லை.

ஒரு மனிதன்!

கையும் காலும் கட்டி, வாயில் துண்டைத் திணித்து, கண் மட்டும் உருள உருள அவளைப் பார்த்தான். இருபத்தைந்து வயது இருக்கும்.

மாதம்மாள் சட்டென்று குனிந்து வாய்த் துண்டை உருவினாள்.

"அம்மா, சத்தம் போடாதீங்கம்மா." அவன் குரல் கிசுகிசுத்தது. "எம் பேரு சசிதரன். மிளகு பறிக்க வந்தவன். முன்னால ஓட்டறானே, அவன்தான் தனபாலை வெட்டினவன். நான் பார்த்துட்டேன். அதான் என்னையும் கட்டித் தூக்கிட்டு வர்றான். வழியில எங்கயாச்சும் தள்ளிவிடப் போறான்."

"எந்த தனபாலு? நம்ம மிளகு வியாபாரியா?"

"ஆமாம்மா. கட்டை அவிழ்த்துவிடுங்க. உங்க மகனையும் மருமகளையும் நான் காப்பாத்தறேன்."

அவன் கெஞ்சியிருக்கவே வேண்டாம். அவன் யாராக இருந்தாலும் மாதம்மாள் அவிழ்த்திருப்பாள். முடிச்சு முடிச்சுதானே.

முப்பத்து நாலில் கை விடுபட்டது. முப்பதில் கால்.

சசிதரன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்த ஜாக்கி ராடை எடுத்தான். மாதம்மாளைப் பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

இருபத்தேழாவது வளைவு.

படார்!

பின்கண்ணாடி நொறுங்கியது. பூங்குழலி அலறினாள். ஜாக்கி ராடு உள்ளே நுழைந்து ஓட்டுகிறவனின் கழுத்தில் இடித்து நின்றது.

"வண்டியை ஓரங்கட்டுடா, போலீசுக்காரா."

சின்னராசுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை.

போலீசா?

ஓட்டுகிறவன் கண்ணை ரோட்டில் வைத்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

"நான் சப்-இன்ஸ்பெக்டர் கலைமணி. தூத்துக்குடிக்காரன். இங்க வந்து ஒன்பது நாள்தான் ஆகுது. தனபாலை வெட்டினது பின்னால நிக்கிறவன். வண்டியோட மடக்கிட்டேன், என் சட்டையில இருக்கறது அவன்கிட்ட இருந்து ஒட்டின ரத்தம். மேல ஸ்டேஷன் வாசல்ல நூறு பேர் அருவாளோட நிக்கிறாங்க. கொண்டு போனா துண்டு துண்டாக்கிருவாங்க. அதான் யூனிஃபார்மைக் கழட்டிட்டு, இவனை மூடிக் கட்டிக் கீழே கொண்டு போறேன்."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேங்க."

"செத்தவரு உங்களுக்குச் சொந்தமோ என்னவோ, எனக்கு எப்படித் தெரியும்? நிறைமாசப் பொண்ணுகிட்டப் போய், பின்னால கொலைகாரன் இருக்கான்னு சொல்லச் சொல்றீங்களா?" கலைமணி மூச்சு வாங்கினார். "நிறுத்தாமப் போயிரத்தான் நினைச்சேன். ரோட்டுல அந்தப் பொண்ணைப் பார்த்தப்புறம் முடியலை."

"கதை பேசினது போதும்." ராடு இன்னும் அழுந்தியது. "வண்டியை நிறுத்திட்டு எல்லாரும் இறங்குங்க. இனி நான் ஓட்டிக்கறேன்."

"டேய், பிரசவ வலிடா. ஆஸ்பத்திரியில விட்டுட்டு அப்புறம்..."

"அவ ரோட்டுல பெத்துக்கட்டும்."

அந்த வார்த்தைதான் சின்னராசுவை என்னவோ செய்தது.

அவன் சண்டைக்காரன் இல்லை. கோழி அறுக்கச் சொன்னால்கூட அம்மாவைக் கூப்பிடுகிறவன். காலை முதல் பயந்து பயந்து நெஞ்சில் இனி பயத்துக்கு இடமில்லை. இரண்டு கையாலும் ராடைப் பிடித்து மேலே தூக்கினான். கண்ணாடிச் சில்லு உள்ளங்கையைக் கிழித்தது. விடவில்லை.

"சார், ஓட்டுங்க."

"விட்டுராதீங்க" என்றார் கலைமணி.

பிரேக்கை ஓங்கி மிதித்தார். சசிதரனின் நெற்றி கேபினில் டமாரென்று மோதியது. ராடு அவன் பிடியிலிருந்து நழுவியது. அடுத்த கணம் பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். வண்டி பாய்ந்தது.

சசிதரன் பின்னால் கால் வைத்தான்.

காலுக்குக் கீழே தரை இல்லை. மிளகு இருந்தது!

சறுக்கினான். கையை வீசினான். பிடிக்க ஒரு கயிறு கூடக் கிடைக்கவில்லை, எல்லாவற்றையும்தான் மாதம்மாள் அவிழ்த்துவிட்டாளே. வண்டியின் நீளம் முழுவதும் சறுக்கிக்கொண்டு போய்ப் பின்கதவில் மோதினான்.

கதவு, 'வாங்க' என்பது போலத் திறந்தது.

ரோட்டில் விழுந்த சத்தமும் அதைத் தொடர்ந்து ஓர் ஊளையும் கேட்டன. கலைமணி வண்டியை நிறுத்தினார்.

மாதம்மாள் கேபின் கம்பியைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மடியெல்லாம் மிளகு.

"இவனாங்க வெட்டினது?" என்றாள் மெதுவாக.

சசிதரனால் எழுந்திருக்க முடியவில்லை. வலது கால் ஒரு தினுசாகத் திரும்பியிருந்தது. கலைமணி அவனைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னால் போட்டார். கதவை மூடினார். கயிற்றை எடுத்தார்.

மாதம்மாள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டக்கூடாதுங்க."

"என்னது?"

"குழந்தை வெளிய வார வரைக்கும் இந்த வண்டியில முடிச்சு போடக்கூடாதுங்க."

"அம்மா, அவன் கொலைகாரன்."

"இருக்கட்டுங்க. அவனுக்காகச் சொல்லலை. என்ற மருமகளுக்காகச் சொல்றேன்." அவள் கண் கலங்கியது. "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரே ஒரு பூட்டுங்க. இந்தா, இதே ரோட்டுல என்ற பேத்தி போயிட்டா."

முன்னால் பூங்குழலி அலறினாள். வலி இப்போது மூன்று வளைவுக்கு ஒன்று.

கலைமணி கயிற்றைக் கீழே போட்டார். போலீஸ் டிரெயினிங்கில் இதற்குப் பாடம் இல்லை.

"அப்ப இவனை யார் பிடிச்சுக்கறது?"

மாதம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். சசிதரனின் முதுகில் அழுத்தமாக உட்கார்ந்தாள். அவள் எடை எழுபத்தெட்டு கிலோ.

"நீங்க ஓட்டுங்க சாமி."

அதன் பிறகு இருந்த வளைவுகளைக் கலைமணி எண்ணவில்லை. பூங்குழலி எண்ணினாள், வாய்விட்டு, மூச்சு வாங்கி வாங்கி. சின்னராசு ரத்தம் ஒழுகும் கையை அவளிடம் கொடுத்திருந்தான். வலி வரும்போதெல்லாம் அவள் அந்தக் கையையே நசுக்கினாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பதினாறு. பதினொன்று. ஆறு.

"ஏனுங்க, தண்ணி உடைஞ்சிருச்சுங்க."

"இன்னும் அஞ்சுதான் கண்ணு. பொறுத்துக்க."

காரவள்ளி செக்போஸ்ட்டில் கலைமணி சொல்லி வைத்திருந்த போலீஸ் ஜீப் நின்றது. கான்ஸ்டபிள் ஒருவர் விலங்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பின்னால் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"சார், அக்யூஸ்டு மேல ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க சார்."

"தெரியும். விலங்கைப் பையில போடுங்க. ஆளுக்கொரு கையைப் பிடிச்சுக்கங்க. சைரனைப் போடச் சொல்லுங்க."

"விலங்கு மாட்ட வேண்டாமா சார்?"

"இன்னும் பொறக்கலைய்யா" என்றார் கலைமணி எரிச்சலோடு.

சேந்தமங்கலம் கடைவீதி வழிவிட்டது. நாமக்கல் பெரியாஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது. ஆபரேஷன் தியேட்டர் கதவு சாத்திக்கொண்டது.

வராந்தாவில் சின்னராசு சுவரைப் பார்த்து நின்றான். கையில் கட்டுப் போட நர்ஸ் கூப்பிட்டாள். போகவில்லை. கொஞ்சம் தள்ளி, பெஞ்சில் சசிதரன். காலுக்கு இன்னும் கட்டுப் போடவில்லை. இருபக்கமும் இரண்டு கான்ஸ்டபிள்கள், திருவிழாவில் பிள்ளை தொலையாமல் பிடித்துக்கொள்வது போல, ஆளுக்கொரு கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

பதினைந்து நிமிடம்.

இருபது.

சத்தமே இல்லை.

சின்னராசுக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய வராந்தா நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் இப்படித்தான். சத்தமே இல்லை. டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டினார். நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டான்.

கலைமணி பக்கத்தில் வந்து நின்றார்.

மாதம்மாளை மட்டும் காணவில்லை.

அப்போது உள்ளேயிருந்து... ஒரு குரல்.

மெலிதாகத் தொடங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியையே கூட்டுகிற மாதிரி ஓர் அழுகை!

சின்னராசு சுவரைவிட்டுத் திரும்பிக் கலைமணியைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேருமே அழுதார்கள். ஒருவர் மட்டும் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பது போல அழுதார்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"பொம்பளைப் புள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

எங்கிருந்தோ மாதம்மாள் வந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. கலைமணியின் முன் நின்று கை கூப்பினாள்.

"பொறந்திருச்சுங்க சாமி. இப்ப நீங்க பூட்டிக்கலாம்."

கலைமணி கான்ஸ்டபிளைப் பார்த்தார்.

க்ளிக்.

விலங்கு பூட்டிக்கொண்டது. சசிதரன் மாதம்மாளை முறைத்தான்.

"நீ அவிழ்த்துவிடாம இருந்திருந்தா எனக்குக் காலாவது மிஞ்சியிருக்கும்" என்றான்.

அந்த நேரம் வராந்தாவின் கோடியிலிருந்து வார்டு பாய், ஃபார்மஸிக்காரர், ஆபீஸ் கிளார்க் மூன்று பேரும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள்.

"சார், நல்ல வேளை போலீஸ் இங்கயே இருக்கீங்க. யாரோ மருந்து ரூம், பீரோ, ஜெனரேட்டர் ரூம், ஒண்ணு விடாம எல்லாத்தையும் திறந்து போட்டிருக்காங்க. எதுவும் திருடு போகலை சார். சும்மா திறந்து மட்டும் வச்சிருக்காங்க."

மாதம்மாள் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு மேலே ஃபேனைப் பார்த்தாள்.

கலைமணி பெருமூச்சு விட்டார். போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் போட்டார்.

"ஏட்டய்யா, நாளைக்கு சாட்சி சொல்ல ஒரு அம்மா அங்க வருவாங்க. அவங்களுக்கு டீ வாங்கிக் குடுங்க, சேர் போடுங்க, மரியாதையா நடத்துங்க. ஆனா வர்றதுக்கு முன்னாடி, அவங்க சொந்தத்துல வேற யாராச்சும் மாசமா இருக்காங்களான்னு கேட்டுட்டு... லாக்கப் சாவியை உங்க பனியனுக்குள்ள போட்டுக்குங்க!"